‘பட்ம்’ என்று எழுதிய பையன்: முதல் வகுப்பில் ஒரு பிள்ளை கற்பது என்ன?

2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை, அப்பாயி ஒருவர் தம் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் பள்ளிக்கு வந்தார். திருவாரூர் மாவட்டத்தின் கடைமடைப் பகுதியில் இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி அது. ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த கணக்கு என்பதால், முதல் மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் என் பொறுப்பில் இருந்தன. பிறப்புச் சான்றிதழைப் பார்த்துச் சேர்க்கைப் பதிவேட்டில் நான் எழுதிக்கொண்டிருந்தபோது அப்பாயி சொன்னார்: “இவனுக்கு அனா ஆவன்னா எல்லாம் தெரியும் டீச்சர். கூத்தனூருக்குக் கூட்டிட்டுப் போயி நெல்லுல எழுத வெச்சோம். பால்வாடியிலயும் சொல்லிக் குடுத்துட்டாங்க. நீங்க எழுத மட்டும் பழக்கி விட்டாப் போதும்.”

அவர் சொன்னது பொய்யில்லை. பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்கு விஜயதசமி அன்று பிள்ளைகளை அழைத்துச் செல்வது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். பையனும் அகரம் தொடங்கி ஆய்த எழுத்து வரை மூச்சு விடாமல் ஒப்பித்தான். சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையில் ‘எ’ மீது விரலை வைத்து, “இது என்ன?” என்று கேட்டேன். அவன் என் விரலைப் பார்க்காமல், ‘அ’விலிருந்து மறுபடியும் பாட ஆரம்பித்து, ‘எ’ வந்த இடத்தில் நிற்காமல் ஆய்த எழுத்து வரை போய்விட்டான். பாட்டாகத் தெரிந்தது எழுத்தாகத் தெரியவில்லை என்பதை அன்றே நான் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். அன்று சேர்க்கைக் கூட்டம், பாடநூல் வழங்கல், சீருடை அளவு என்று வேலை நெருக்கியதால் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அதன் பிறகு நான்கு மாதங்கள் அவன் என் வகுப்பின் செல்லப்பிள்ளையாக இருந்தான். அவன் நோட்டைப் போல் இன்னொரு நோட்டு இல்லை. கரும்பலகையில் நான் எழுதிப் போட்டதை வரி தப்பாமல், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, குண்டு குண்டாக எழுதுவான். அப்பாயி வாரம் ஒருமுறை வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மனநிறைவோடு போவார். பள்ளி பார்வைக்கு வந்தவர்களிடமும் நான் அந்த நோட்டையே எடுத்துக் காட்டினேன். சிவப்பு மையில் எத்தனை ‘நன்று’ போட்டேன் என்று எண்ணவில்லை.

தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பு, மதிய உணவுக்குப் பின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவன் நோட்டில் ‘படம்’ என்ற சொல் ‘பட்ம்’ என்று இருந்தது. கை தவறியிருக்கும் என்று ‘ட்’ மேல் இருந்த புள்ளியைச் சுழித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். முந்தைய நாளில் ‘மரம்’ இருந்த இடத்தில் ‘மர்ம்’ என்று இருந்தது. அதற்கு முந்தைய நாள் ‘கடல்’ இருந்த இடத்தில் ‘கட்ல்’. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டாவது வரியின் இரண்டாவது எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி. எழுந்து கரும்பலகையைப் பார்த்தேன். இடப்பக்கத்தில், நான் இரண்டாவது வரி எழுதும் உயரத்துக்குச் சற்று மேலே, கறுப்புப் பூச்சு உரிந்து மிளகளவில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. அவன் அந்தத் தழும்பையும் சேர்த்துப் பார்த்து எழுதியிருக்கிறான். நோட்டை மூடிவிட்டு அவனை அழைத்து, ஒரு தாளில் ‘படம்’ என்று எழுதிக் காட்டினேன். அவன் வெகு நேரம் பார்த்துவிட்டு, “இத எழுதவா டீச்சர்?” என்று கேட்டான்.

அவனுக்கு அது ஒரு கோலம். புள்ளி வைத்து இழுத்துச் சுழித்து முடிக்கும் கோலத்தைப் போலவே, நேரில் பார்த்தால் அச்சாகப் போட்டுவிடுவான். அந்தக் கோலத்துக்கு ஒரு சத்தம் உண்டு, சத்தங்களைச் சேர்த்தால் தான் தினமும் வாயால் சொல்லும் ஒரு சொல் கிடைக்கும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான். அப்போது எனக்குப் பதினான்கு வருடப் பணி அனுபவம் இருந்தது என்பதைச் சொல்ல இன்றும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முதல் வகுப்பில் பிள்ளை என்ன கற்கிறது என்று கேட்டால், உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துகள் என்று சொல்லும் பெற்றோரே அதிகம். அந்த எண்ணிக்கை பிள்ளையை மிரட்டுவதற்கு மட்டுமே உதவும். உண்மையில் பிள்ளை முதலில் கற்க வேண்டியது, ஒரு சொல்லைக் காதால் உடைக்க முடியும் என்பதைத்தான். ‘மாடு’ என்று நான் சொன்னால், அதில் ‘மா’ தனியாகவும் ‘டு’ தனியாகவும் கேட்க வேண்டும். இதற்குச் சிலேட்டும் வேண்டாம், நோட்டும் வேண்டாம். நவம்பரில் அடைமழைக்காக விட்ட விடுமுறைகள் போக மீதி நாள்களில், காலை முதல் அரை மணி நேரம் கைதட்டிச் சொல்லுடைக்கும் விளையாட்டை மட்டும் நடத்தினேன். தங்கள் பெயரை, தங்கள் தெருப் பெயரை, வீட்டில் உள்ள சாமான்களின் பெயரைத் தட்டித் தட்டி உடைப்பார்கள். முதலில் வரும் சத்தம் எது, கடைசியில் வரும் சத்தம் எது என்று கேட்பேன். ஒப்பிப்பதில் முதலாவதாக வந்த என் செல்லப்பிள்ளைக்கு இது பத்து நாள் பிடிபடவேயில்லை. எழுத்தே தெரியாமல் வந்திருந்த, மீன் விற்பவர் வீட்டுப் பெண் ஒருத்தி இரண்டாம் நாளே பிடித்துக்கொண்டாள்.

எழுத்துக்கு வந்தபோது, ‘அ’விலிருந்து தொடங்கும் வரிசையை ஒதுக்கி வைத்தேன். ‘அ’வும் ‘இ’யும் பார்க்கவும் எழுதவும் சிக்கலானவை, ‘ட’, ‘ப’, ‘ம’ மூன்றும் நேர்கோடும் வளைவுமாக எளியவை. இந்த மூன்றையும், மேலே வைக்கும் புள்ளியையும் மட்டும் கற்றுக்கொண்ட பிள்ளை, படம், பட்டம், மடம், மட்டம் ஆகிய நான்கு சொற்களை அந்த வாரமே தானாக வாசித்துவிடும். துணைக்காலைச் சேர்த்தால் பாடம், மாடம், டப்பா, பாப்பா, மாமா எல்லாம் வந்துவிடும். முழு வரிசையையும் முடித்த பிறகுதான் சொல்லுக்குப் போக வேண்டும் என்று காத்திருந்தால், பிள்ளைக்குத் தன் உழைப்பின் பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். அதற்குள் அதற்குச் சலித்துப் போகும். மூன்று எழுத்தில் நான்கு சொல் வாசித்த பிள்ளை, நான்காவது எழுத்தைத் தானே கேட்டு வாங்கும்.

உயிர்மெய்க் குறிகளில் கொம்புதான் பெரிய தடை. ‘கெ’ என்று சொல்லும்போது ‘க்’ முன்னால் ஒலிக்கிறது, ‘எ’ பின்னால் ஒலிக்கிறது. எழுதும்போது மட்டும் கொம்பு முன்னால் போய் நிற்கிறது. காதை நம்பி எழுதும் பிள்ளை கொம்பைப் பின்னால்தான் போடும். அதைக் கவனக்குறைவு என்று திட்டுவது தவறு. சத்தத்தைச் சரியாகக் கேட்டிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. இதை எப்படி விளக்குவது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, “மாடு கொட்டாயிலேர்ந்து வரயில கொம்புதானே டீச்சர் மொதல்ல வெளிய வரும்” என்றாள். அன்றிலிருந்து எனக்கு அதைவிட நல்ல விளக்கம் தேவைப்படவில்லை.

உகர வரிசையை ஒரே வரிசையாகக் கற்பிப்பதும் வீண் வேலை. கு, டு, மு, ரு ஆகியவை ஒரு சாயல். சு, பு, யு, வு இன்னொரு சாயல். து, நு, லு, னு மற்றொரு சாயல். சாயல் வாரியாகப் பிரித்துக் கொடுத்தால் மூன்று வாரத்தில் முடியும். ‘ர’வும் துணைக்காலும் அச்சில் ஒன்றைப் போலவே தோன்றுவதால் ‘கர’த்தையும் ‘கா’வையும் குழப்பிக்கொள்வார்கள், இதற்கு விளக்கம் எதுவும் உதவாது, சொல்லாக வாசித்து வாசித்துத்தான் தெளியும்.

வீட்டில் சொல்லிக் கொடுப்பதிலும் சில வேடிக்கைகள் உண்டு. ஒரு பெண் குழந்தை ‘மலை’ என்று எழுதும்போது ‘ல’வுக்கு முன்னால் சங்கிலிக் கொம்பு போடாமல், எழுத்தின் தலையிலிருந்து யானைத் தும்பிக்கை போல ஒரு சுழியை இழுத்தாள். அது பிழையில்லை, 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு ணை, லை, ளை, னை நான்கும் அப்படித்தான் இருந்தன. மூன்றாம் வகுப்பு வரை படித்த அவளுடைய பாட்டி, திண்ணையில் உட்கார வைத்துத் தமக்குத் தெரிந்தபடி சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. “இது பாட்டி காலத்து லை, இது உன் காலத்து லை” என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.

பேச்சுத் தமிழுக்கும் ஏட்டுத் தமிழுக்கும் இடையே உள்ள தூரத்தை ஐந்து வயதுப் பிள்ளை முதன்முதலாகக் காண்பது இந்த வகுப்பில்தான். எங்கள் ஊரில் வாழைப்பழம் ‘வாளப்பளம்’, மரத்தில் ‘மரத்துல’, வந்துகொண்டிருக்கிறான் என்பது ‘வந்துக்கிட்டிருக்கான்’. பணியில் சேர்ந்த புதிதில், பிள்ளை வாய் திறந்ததும் திருத்துவேன். விளைவாக என் வகுப்பு மிக அமைதியான வகுப்பாக இருந்தது. அதை நல்ல வகுப்பு என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். பேசவே பயப்படும் பிள்ளை எப்படி வாசிக்கும்? இப்போது கதை சொல்லும் நேரத்தில் எந்தத் திருத்தமும் செய்வதில்லை. வாசிக்கும்போதும், சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், நாக்கு ‘ள’ என்று சொன்னாலும் குறுக்கிடுவதில்லை. ழகரத்துக்கென்று தனியாக ஒரு விளையாட்டு நேரம் வைத்திருக்கிறேன். நாக்கை மடித்து மேலண்ணத்தைத் தடவச் சொன்னால் வகுப்பே உருண்டு சிரிக்கும். சிரித்துச் சிரித்தே பாதிப் பேருக்கு வந்துவிடும். மீதிப் பேருக்கு மூன்றாம் வகுப்பில் வரும்.

கணக்கிலும் இதே கதைதான். நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் எட்டுப் புளியங்கொட்டையைக் கொடுத்து எண்ணச் சொன்னால், வாய் ஒரு வேகத்திலும் விரல் இன்னொரு வேகத்திலும் போய், பதினொன்று என்று முடிக்கும். ஒரு கொட்டைக்கு ஓர் எண் என்பது படிவதற்கே ஒரு மாதம் வேண்டும். அதன் பிறகு வருவது பத்து. ‘இருபத்து மூன்று’ என்று சொல்லி எழுதச் சொன்னால், நல்ல பிள்ளைகளும் 203 என்று எழுதுவார்கள். காதில் இருபது கேட்டது, 20 எழுதினார்கள். மூன்று கேட்டது, 3 எழுதினார்கள். அவர்கள் நியாயம் சரிதான். இடமதிப்பு என்ற சொல்லைச் சொல்லி இதைத் திருத்த முடியாது.

ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டச் சொல்வது எல்லாப் பள்ளியிலும் உள்ள முறை. ஓர் ஆண்டு சம்பா நடவு நேரத்தில், சன்னலுக்கு வெளியே நாற்றங்காலில் பெண்கள் நாற்றுப் பறித்து, முடி என்று சொல்லும் சிறு கட்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைக் காட்டி, “அதே மாதிரி பத்துப் பத்தா முடி கட்டுங்க” என்றேன். உடனே ஒருத்தி எழுந்து, “ஒரு முடியில பத்து நாத்தா டீச்சர் இருக்கும்? எங்கம்மா கட்டுனா கை கொள்ளாது” என்று என்னை மடக்கினாள். “அது வயல் முடி, இது பள்ளிக்கூட முடி, இதுல பத்துதான்” என்று சமாளித்தேன். ஆனால் அதன் பிறகு, “எத்தனை முடி, எத்தனை உதிரி?” என்று கேட்டால் போதுமானதாக இருந்தது. இரண்டு முடி, மூன்று உதிரி என்று கையில் பிடித்துப் பார்த்த பிள்ளை 203 எழுதுவதில்லை. கழித்தலில் கடன் வாங்குவதற்கும் அடுத்த ஆண்டு அதே முடியைத்தான் அவிழ்க்கிறோம். தொண்ணூறு மட்டும் எப்போதும் தகராறு செய்யும்: எழுபதும் எண்பதும் பிடிபட்ட பிள்ளைக்கு, நூறு என்ற ஒலி உள்ளே ஒளிந்திருக்கும் தொண்ணூறு, நூற்றைத் தாண்டிய எண்ணாகவே படும்.

டெல்டாவில் முதல் வகுப்பு ஆசிரியர் பஞ்சாங்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை உண்டு. இல்லையென்றால் நேரே சம்பாதான். கடைமடைக்குத் தண்ணீர் வந்து நடவு தொடங்கினால், தாய்மார் விடியற்காலையிலேயே வயலுக்குப் போய்விடுவார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள முதல் வகுப்புப் பெண் பிள்ளை வீட்டில் நின்றுவிடும். தம்பியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிடுவேன். விதிப்படி சரியா என்று கேட்டால் பதில் இல்லை, ஆனால் பிள்ளை வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறை எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரை கடந்தபோது, அந்த ஆண்டு புதிதாக வந்திருந்த பாடநூல்கள் கூரையோடு சேர்ந்து போயின. பள்ளி திறந்தபோது நோட்டு இல்லை, புத்தகம் இல்லை, புளியங்கொட்டையும் சொல் விளையாட்டும்தான் மிஞ்சின. ஆகவே வாசிப்பின் அடிப்படையை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும் என்பது என் கணக்கு. தை அறுவடை முடிந்த பிறகு கிடைக்கும் இரண்டரை மாதம் அமைதியானது. அதைப் புதிய எழுத்துக்குச் செலவழிக்காமல் சரளத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

பசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காலை பத்தரை மணிக்கு முதல் வகுப்பில் பாதிப் பேர் சுவரில் சாய்ந்து கண் சொருகுவார்கள். சோம்பல் என்று எண்ணியவள்தான் நானும். 2023 ஆகஸ்டு 25-இல் திருக்குவளையில் காலை உணவுத் திட்ட விரிவாக்கத்தைத் தொடங்கி வைத்த பிறகு, எங்கள் பள்ளியிலும் காலையில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் வரத் தொடங்கின. பத்தரை மணித் தூக்கம் என் அறையில் அநேகமாக நின்றுபோனது. எழுத்துக்கூட்டி வாசிப்பது ஐந்து வயது மூளைக்கு வண்டி இழுக்கும் வேலை. வெறும் வயிற்றோடு முடியாது. பலப்பத்தை எழுதுவதற்குப் பதில் கடித்துத் தின்னும் பிள்ளைகளையும் முன்பெல்லாம் அடிப்போம். இப்போது அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால், இரத்தசோகை இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கச் சொல்லித் தாயிடம் சொல்லி அனுப்புகிறேன். குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாளில் அந்தப் பிள்ளை வந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன்.

கொரோனாவுக்குப் பின், முதல் வகுப்பு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. அந்தப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்குப் போனபோது எழுத்து அரைகுறையாகவே இருந்தது. 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்து, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையை வகுப்பால் பிரிக்காமல் நிலையால் பிரிக்கச் சொன்னபோது, மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைத்திருந்த எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. அதுவரை மனசாட்சிக்கு மட்டும் தெரிந்து செய்த காரியத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது.

வீட்டில் என்ன செய்யலாம் என்று பெற்றோர் கேட்கும்போது, எழுத வைக்காதீர்கள் என்பதையே முதலில் சொல்வேன். பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைத்தால் எழுத்து அழகாக வரும், எழுதியவர் நீங்கள். அதைவிடச் சோற்றுப் பானையிலிருந்து மாட்டுக் கொட்டகை வரை அது பார்த்ததைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பேருந்தின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயர், ரேஷன் கடைப் பலகை, தீப்பெட்டி, பிஸ்கட் உறை என்று எது கையில் கிடைத்தாலும், அதில் தெரிந்த எழுத்து ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். இடக்கையால் எழுதினால் விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை நர்சரியில் ஆங்கிலப் பாட்டுச் சொல்கிறது என்பதற்காக உங்கள் பிள்ளையை அதன் முன்னால் நிறுத்தாதீர்கள். வாசிக்கும்போது தடுமாறினால் சொல்லை நீங்களே சொல்லிவிடாமல் மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழுக்குள் சொல்லிவிடும்.

அந்தப் பையன் டிசம்பர் கடைசியில்தான் ‘பட்டம்’ என்று முதல் சொல்லை வாசித்தான். பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் கரும்பலகையின் முன்னால் போய் நின்று, தழும்பை விரலால் தொட்டுப் பார்த்து, “இது புள்ளி இல்ல டீச்சர், பெயிண்டு உரிஞ்சிருக்கு” என்றான். அதன் பிறகு அவன் எழுத்து முன்னைப் போல் அழகாக இல்லை. யோசித்து எழுதியதால் சாய்ந்தும் நெளிந்தும் போயிற்று, அழித்து அழித்து எழுதினான், பக்கங்களும் குறைந்தன.

ஏப்ரலில் அப்பாயி வந்தார். நோட்டைப் புரட்டியவர் முகம் சுருங்கிவிட்டது. “என்ன டீச்சர், பாதி நோட்டு வெறுசா கெடக்கு? ஆரம்பத்துல எவ்ளோ அழகா எழுதுனான்.” நான் பதில் சொல்லாமல் அவர் கையில் மடித்து வைத்திருந்த மஞ்சள் பையை வாங்கிப் பையனிடம் விரித்துக் காட்டினேன். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை அது. அவன் விரலை வைத்துக்கொண்டு, “இ... ல்... ல... இல்ல, இல்லத்” என்று ஆரம்பித்தான். அப்பாயி அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். “தி... ரு... திரு... திருமண. வி... ளா. இல்லத் திருமண விளா.”

“ஆமாடா, எந் தம்பி மவ கல்யாணத்துப் பையிடா அது” என்றார் அப்பாயி. பிறகு பையைத் திருப்பி, மறுபக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார்.